குலுக்க மறுத்த கை

1. ரோஸ் மில்க்

லேப் வேலையில் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கியவன் நான். பாலக்கரையில் ஒரு சின்ன லேப். எடுத்த ரத்தத்தை டியூபில் விட்டு, மருந்தோடு நன்றாகக் கலக்கட்டும் என்று ஆர்வக்கோளாறில் நாலு குலுக்குக் குலுக்கிவிட்டேன். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால், இளமஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் சிவந்து போய் நின்றது. முதலாளி டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, ரத்தமா ரோஸ் மில்க்கா?"

டியூபை என் கையில் கொடுத்தார்.

"குலுக்கினா செல்லு உடையும். செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் எல்லாம் வெளிய கொட்டும். நல்லா இருக்கிற ஆளுக்கும் ரிப்போர்ட்ல பொட்டாசியம் ஏறி நிக்கும். அதைப் பாத்துட்டு டாக்டர் அவரை ஐ.சி.யூ.ல படுக்க வச்சா நீ போய்ப் பதில் சொல்லுவியா?"

அன்றிலிருந்து வெகுகாலம் நான் ரத்தத்தைக் குலுக்கியதே இல்லை. டியூபை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, மெதுவாக நிமிர்த்துவேன். அவ்வளவுதான். போகப் போக அதுவே என் பெயராகிவிட்டது. டயாலிசிஸ் நோயாளிகள் நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் கறுத்துப்போய் வந்து "சேகர் சார் இருக்காரா?" என்று கேட்பார்கள். கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு யாராவது டியூபை ஆட்டுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தத் தலைக்கனம் ஒரு மனிதரின் உயிரில் கை வைக்கப் பார்த்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. தூங்கும் ஸ்டேஷன்

அப்போது எனக்குச் சர்வீஸ் இருபத்தேழு வருஷம். மன்னார்புரத்தில் ஓரளவு பெரிய லேபில் சீனியர் டெக்னீஷியன். புதனும் வியாழனும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுப்பேன். மற்ற நாட்களில் மன்னார்புரத்தில் மெஷின் பக்கம். நான் ஸ்ரீரங்கத்தில் இல்லாத நாட்களில் அங்கே ரத்தம் எடுப்பவர் பர்வீன். எனக்கு இரண்டு வருஷம் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்தவர். வேலையில் சுத்தம், வாயில் சுருக்.

அந்த வருஷம் எங்கள் லேபில் புதிதாக இன்டர்ஃபெரான் காமா டெஸ்ட் ஆரம்பித்தோம். நாங்கள் சுருக்கமாகக் காமா டெஸ்ட் என்போம். எங்கள் பேத்தாலஜிஸ்ட் டாக்டர் வசந்தி எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"டி.பி. கிருமி ரத்தத்துல சும்மா திரியற கிருமி இல்லை. நம்ம உடம்புல மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் இருக்கு. கிருமியைக் கண்டா விழுங்கிடும். ஆனா டி.பி. கிருமியை விழுங்கினாலும் அது சாகாது, அந்தச் செல்லுக்குள்ளயே குடித்தனம் பண்ணும். திருடனைப் பிடிச்சு உள்ள போட்டாச்சு, ஆனா ஸ்டேஷனே தூங்குதுன்னு வச்சுக்குங்க. மேலிடத்துல இருந்து ஆர்டர் வந்தாத்தான் முழிச்சுக்கிட்டுத் திருடனை ஒரு கை பாக்கும். அந்த ஆர்டர்தான் காமா. டி செல்லுன்னு இன்னொரு செல் அதை அனுப்பும்."

டெஸ்டின் சூட்சுமம் இதுதான். டியூபின் உள்சுவரில் டி.பி. கிருமியின் புரதத்தைக் காயவைத்து ஒட்டியிருப்பார்கள். ஒருவர் உடம்பு முன்பே அந்தக் கிருமியோடு மோதியிருந்தால், அவருடைய டி செல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு காமாவை விடும். அதை அளக்கிறோம். இருமல், சளி எதுவும் இல்லாமல் உள்ளே கிருமி பதுங்கிக் கிடந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

"யாருக்கு மேடம் இந்த டெஸ்டை அதிகமா எழுதுவாங்க?" என்று பர்வீன் கேட்டார்.

"மூட்டு, முதுகெலும்பு வாதத்துக்கு ஒரு ஊசி போடறாங்க இல்லையா, அவங்களுக்கு. அந்த ஊசி டி.என்.எஃப்.ங்கிற சிக்னலைத் தடுக்கும். மூட்டுல அந்த சிக்னல் மிதமிஞ்சிப் போறதாலதான் வீக்கம், வலி. ஆனா நுரையீரல்ல கிருமியை விழுங்கின செல்லுங்களைச் சுத்தி மத்த செல்லுங்க வளைச்சு நிக்குதே, அந்த வளையத்தைக் கலையாம வச்சிருக்கிறதும் அதே டி.என்.எஃப்.தான். ஊசியைப் போட்டா வலியும் போகும், காவலும் போகும். உள்ள கிருமி இருந்தா உடம்பு பூரா கிளம்பிடும். அதனால நம்ம ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத்தான் அவங்க ஊசியையே தொடுவாங்க."

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து செய்முறை காட்டினார். அந்த நேரம் பார்த்து எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நான் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. நாலு டியூப், நாலு நிற மூடி, ரத்தம் விட்டதும் பத்துத் தடவை குலுக்கவும் என்று போட்டிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் எத்தனை சார்ட் பார்த்தவன் நான். கலக்கச் சொல்கிறார்கள் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பத்துத் தடவை மெதுவாகத் திருப்பினேன்.

மன்னார்புரம் வந்திருந்தபோது பர்வீன் குலுக்குவதை ஒருநாள் பார்த்துவிட்டேன். டியூபின் மேல்பக்கம் நுரை நின்றது.

"என்ன பர்வீன், மோர் கடையறீங்களா?"

"அவர் அப்படித்தாங்க சார் காட்டினாரு. சுவரெல்லாம் ரத்தம் படணுமாம்."

"கம்பெனிக்காரருக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்? பேன்ட் சட்டை மடிப்பு கலையாம வந்து பேசிட்டுப் போறவரு."

பர்வீன் டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் இல்லாத நாட்களில் தன் இஷ்டப்படி குலுக்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்காக அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

3. வரதன்

ஒரு புதன்கிழமை காலை ஸ்ரீரங்கம் சென்டருக்கு வரதன் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளில் ஒருவர். முதுகெலும்பு வாதம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவே ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். நாற்காலியில் உட்காருவதற்கு முதலில் கைப்பிடியைப் பிடித்தார், பிறகு என் மேஜையைப் பிடித்தார், பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஏழு மாசமா தோள் கொடுக்க முடியலை சார். பக்கத்துல நடந்து வரேன், அவ்வளவுதான். ஊசி போட்டுண்டா மார்கழி உற்சவத்துக்குள்ள சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்கு முன்னால இந்த டெஸ்ட் பண்ணிண்டு வரச் சொன்னார்."

நாலு டியூபிலும் ரத்தம் எடுத்து, என் வழக்கப்படி பூப்போலத் திருப்பி வைத்தேன்.

"குத்தினதே தெரியலை சார், உங்க கை நல்ல கை" என்றார் வரதன்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த டியூபுகளை நானே பைக்கில் மன்னார்புரத்துக்குக் கொண்டுபோய், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரில் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நெகடிவ். டாக்டர் வசந்தி கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரதன் மன்னார்புரம் லேபுக்கே வந்தார். பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட் வேண்டும், தில்லைநகரில் டாக்டர் இன்றைக்கே ஊசி போட வரச் சொல்லிவிட்டார், மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார் என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிரிண்ட் வருவதற்குள் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார்.

"ரெண்டு நாளா நேக்கு வயத்துல நெருப்பு சார். எங்க அண்ணாவுக்கு அந்த வியாதி வந்தது. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் படுத்துப்போம். வீட்டுல யாருக்காவது இருந்திருக்கான்னு டாக்டர் கேட்டார். இல்லைன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சார் மறைச்சீங்க?"

"அண்ணா பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கா. இந்த ஊர்ல ஒரு வார்த்தை வெளில போனா நாலு வீதியும் சுத்திண்டு வந்துடும். அதான் நெகடிவ்னு வந்துடுத்தே, இனிமே சொன்னா என்னன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

4. எல்லார் மேலும் சந்தேகம்

ஒரே அறையில் படுத்திருந்தும் சிலருக்குத் தொற்றாமல் போகலாம். அது நடக்காத விஷயம் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் வரதனின் எண்களைத் திறந்து பார்த்தேன்.

அந்த நாலு டியூபில் ஒன்றுக்கு மைட்டோஜென் டியூப் என்று பெயர். அதன் சுவரில் இருக்கும் பொருள் யாருடைய டி செல்லையும் தட்டி எழுப்பிக் காமாவை விட வைக்கும். அதில்கூடக் காமா வரவில்லையென்றால் டெஸ்டே செல்லாது. வரதனின் மைட்டோஜென் அளவு பாஸ் கோட்டைச் சற்றே தாண்டி, நொண்டிக்கொண்டு நின்றது. விதிப்படி பாஸ். அதனால்தான் கையெழுத்தும் விழுந்தது.

அதுவரை எடுத்த காமா டெஸ்டுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், வெள்ளியில் எடுத்தவற்றில் மைட்டோஜென், மெஷின் அளக்க முடியாத அளவுக்கு மேலே. புதன், வியாழனில் எடுத்த எல்லாமே பாஸ் கோட்டை ஒட்டித் தாழ்ந்து நின்றன.

எனக்கு முதலில் தோன்றியது இன்குபேட்டர் கோளாறு. ஆனால் இன்குபேட்டர் எல்லா நாளும் ஒன்றுதான். அடுத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து டியூபைக் கொண்டுவரும் வழியில் காவிரிப் பாலத்து வெயில். வெயில் எனக்கு மட்டுமா அடிக்கிறது? பிறகு, ஸ்ரீரங்கத்தில் யாரோ டியூபை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள், குளிரில் செல் உறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்த டெஸ்டுக்கு டியூபை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. கோபத்தோடு பர்வீனுக்குப் போன் போட்டேன்.

"பர்வீன், புதன்கிழமை எடுத்த காமா டியூபை ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா?"

"புதன்கிழமை நான் எங்க சார் இங்க இருந்தேன்? நீங்கதானே எடுத்தீங்க, நீங்கதானே கொண்டு போனீங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"சார், டியூபைக் குலுக்கினீங்களா?"

"திருப்பினேன்."

"சார், மருந்து சுவத்துல காஞ்சு ஒட்டியிருக்கு. ரத்தம் சுவரை நனைச்சாத்தான் அது கரையும். நீங்க திருப்பின திருப்புல பாதி சுவத்துலயே நின்னிருக்கும்."

அவர் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் குரலில் அது இல்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனை வைத்தேன்.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. உடனே தில்லைநகருக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் கீழே இறங்கி டீக்கடைக்குப் போனேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குள்ளேயே வாதாடினேன். விதிப்படி பாஸ்தானே. தொற்றியே இருக்காதோ என்னவோ. திங்கட்கிழமை மேடத்திடம் நிதானமாகச் சொல்லலாமே. சேகர் சார் ரத்தம் எடுத்ததில் தப்பு என்று ஒரு டாக்டரின் காதில் விழுந்தால் திருச்சி முழுக்கப் பரவுமே. வரதன் எதற்காக அண்ணன் விஷயத்தை மறைத்தாரோ, அதே பயம்தான் எனக்கும். டீ ஆறிப்போனது. குடிக்காமலே வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

5. அரை மணி

டாக்டர் வசந்தி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மேடம், வரதன் ரிப்போர்ட் தப்பா இருக்கலாம். நான் டியூபைக் குலுக்கலை. மூணு மணிக்கு ஊசி. அவங்க அண்ணனுக்கு டி.பி. இருந்திருக்கு."

அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடிக்கப் பத்து நிமிடம்.

"யார் தப்பு, எப்படித் தப்புங்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சேகர். முதல்ல போனைப் போடுங்க."

வரதனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தில்லைநகர் டாக்டரின் நம்பர் பிஸி. கிளினிக் நம்பரில் ஒரு நர்ஸ் எடுத்தார்.

"சிஸ்டர், வரதன்னு ஒருத்தர், முதுகுக்கு ஊசி போட வந்திருப்பாரு. போட்டாச்சா?"

"இல்லைங்க சார். ஊசி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வச்சிருக்கோம். அரை மணி நேரம் குளிர் போகணும், இல்லைன்னா குத்தும்போது ரொம்ப எரியும். ஒரு பத்து நிமிஷத்துல போட்டுடுவோம்."

"போடாதீங்க சிஸ்டர். ரிப்போர்ட்ல சந்தேகம் இருக்கு. எங்க மேடம் பேசுறாங்க, டாக்டர்கிட்ட குடுங்க."

போனை வசந்தி மேடத்திடம் கொடுத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேடம் பேசி முடித்து, "நிறுத்திட்டாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தேழு வருஷ சர்வீஸில் லேபுக்குள் நான் அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கம் சென்டரை எங்களுக்காகவே திறந்தோம். பர்வீனை எடுக்கச் சொன்னேன். வரதன், "சாரே எடுக்கட்டும்" என்றார். ஊசி நின்றுபோன வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்பு சொல்லிவிட்டேன்.

"முதல் தடவை தப்பு என் மேலதான் சார். குலுக்க வேண்டிய டியூபைக் குலுக்கலை."

"நானும்தான் கேட்டதுக்கு உண்மையைச் சொல்லலை" என்று கையை நீட்டினார்.

குலுக்க ஆரம்பித்தால் கை வர மாட்டேன் என்கிறது. இரண்டாவது தடவையிலேயே தானாக மெதுவாகிவிட்டது. பர்வீன் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார். "மூணு. இன்னும் வேகமா சார். நாலு." பத்து முடிந்ததும் டியூபின் மேலே நுரை நின்றது. என் கண்ணுக்கு அது இன்னமும் தப்பாகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட். மைட்டோஜென் மேலே. டி.பி. டியூபும் மேலே. சந்தேகத்துக்கு இடமில்லாத பாசிடிவ். ஒரு நோயாளியின் பாசிடிவ் ரிசல்டைப் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கிருமி அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊசி போட்டிருந்தால் அதை வளைத்து நின்ற காவலை நாங்களே கலைத்திருப்போம்.

முதல் ரிப்போர்ட்டை ரத்து செய்து, ரத்தம் எடுத்ததில் பிழை என்று காரணம் எழுதி, திருத்திய ரிப்போர்ட் அனுப்பினோம். புதன், வியாழனில் நான் எடுத்த மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் பண்ணி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுத்தேன். இரண்டு பேர் நன்றாகவே திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். நல்லவேளை, அவர்களில் யாருக்கும் ரிசல்ட் மாறவில்லை.

6. அண்ணனும் தம்பியும்

வரதனுக்கு முதலில் டி.பி. தடுப்பு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டு, கல்லீரல் டெஸ்டெல்லாம் சரியாக இருந்த பிறகே வாத ஊசி போட்டார்கள். மார்கழி உற்சவத்தில் அவரால் தோள் கொடுக்க முடியவில்லை. பங்குனி உற்சவத்தில் கொடுத்தார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பல்லக்கு என்னைக் கடந்து போகும்வரை பெருமாளைச் சேவிக்க மறந்துவிட்டேன், அந்த மனிதரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் வரதன் தன் அண்ணனையும், அண்ணன் பெண்ணையும், வீட்டிலிருந்த மற்ற எல்லோரையும் சென்டருக்கு அழைத்து வந்தார். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அண்ணன் கவுன்டரில் நின்று நல்ல சத்தமாகவே சொன்னார்.

"நேக்கு டி.பி. இருந்தது. மாத்திரை சாப்பிட்டுச் சரியாயிடுத்து. ஆத்துல எல்லாருக்கும் ஒரு தடவை பாத்துடுங்கோ."

கவுன்டரில் இருந்த பெண்தான் சங்கடப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். அண்ணன் தாழ்த்தவில்லை. அண்ணன் பெண், "அப்பா சொல்லிட்டா, இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவர்கள் எல்லோருக்கும் நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு டியூபையும் பத்துத் தடவை குலுக்கினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் இருக்கிறது. கை பழகிவிட்டது என்பதற்காகச் சார்ட்டுக்கு நீங்களாக அர்த்தம் பண்ணாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், உங்களுக்குப் பின்னால் வந்தவரிடமானாலும் கேளுங்கள். தப்பு என்று தெரிந்துவிட்டால் முதலில் போனை எடுங்கள், டீ அப்புறம் குடிக்கலாம்.

நான் வரதனிடம் தப்பை ஒப்புக்கொண்டதை இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள். அந்த டீக்கடையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊசியின் குளிர் போக அரை மணி நேரம் வேண்டியிருந்தது. என் வீம்பு போக இருபது நிமிடம் ஆனது. மிச்சமிருந்த பத்து நிமிடத்தில்தான் நாங்கள் இருவரும் தப்பினோம்.